கோட்டை என்று போனோம், மண்டியைப் பார்த்துவிட்டு வந்தோம்

ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன், ஆனால் எல்லோரையும் போகச் சொல்ல மாட்டேன். செஞ்சிக் கோட்டையை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கொலோனியல் மிஷிலிமாக்கினா என்று பலகை போட்டிருக்கும் இந்த இடத்தில் கல் மதில் இல்லை, ஏறி நின்று படம் பிடிக்க மலையும் இல்லை. மரக்கம்பங்களை நெருக்கி நட்ட ஒரு வேலி, உள்ளே ஒட்டி ஒட்டி மர வீடுகள், ஒரு அன்னம்மாள் தேவாலயம், காலுக்கடியில் மணல், காதுக்குள் காற்று. அவ்வளவுதான். ஆனால் வியாபாரம் என்றால் என்ன என்று கொஞ்சமாவது தெரிந்த ஆள் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போனால் நாலு மணி நேரம் போவதே தெரியாது. நான் என் மாமனாரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மாமாவைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். சென்னை பெரியமேட்டில் ஒரு தோல் மண்டியில் முப்பது வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஆறு மாத விசாவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மிச்சிகனில் அவருக்கு எதுவுமே பிடிக்கவில்லை. எங்கே கூட்டிப் போனாலும் "மரம், ரோடு, மறுபடி மரம்" என்பார். மாக்கினா தீவுக்குப் போகலாம், படகு, குதிரை வண்டி, கார் ஓடாத ஊர் என்று என் வீட்டுக்காரர் ஆசை காட்டித்தான் கிளப்பினார். டெட்ராய்ட் பக்கத்திலிருந்து எழுபத்தைந்தாம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஒரே கோடு, நாலரை மணி நேரத்தில் மாநிலத்தின் கீழ்ப்பாதி முடிகிற நுனியில் மாக்கினா சிட்டி. அங்கே பெரிய தொங்கு பாலத்தின் தென்முனை. அதற்கு அடியிலேயே இந்த இடத்தின் வாசல். தீவுக்குப் போகிற அவசரத்தில் முக்கால்வாசிப் பேர் இதைப் பார்க்காமலே படகுத்துறைக்குப் போய்விடுகிறார்கள். நாங்களும் இதற்கு முன் இரண்டு தடவை அப்படித்தான் போனோம். இந்தத் தடவை காற்று அதிகமாக இருந்ததால் மாமா படகில் ஏற மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார், அதனால் இங்கே.

பெயரை முதலில் சரி செய்துவிடுகிறேன், ஏனென்றால் டிக்கெட் கவுண்டரில் நான் கடைசி எழுத்தையும் சேர்த்துப் படித்து அசடு வழிந்தேன். மிஷிலிமாக்கினா. கடைசியில் 'க்' வராது, அது பிரெஞ்சுக்காரர்கள் எழுதி வைத்த எழுத்து, வாயில் வராத எழுத்து. எதிரே தெரிகிற தீவை இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள் பெரிய ஆமை என்ற பொருளில் அழைத்ததிலிருந்து வந்த பெயர் என்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தீவு உண்மையிலேயே ஆமை ஓடு மாதிரிதான் கவிழ்ந்து கிடக்கிறது.

வேலிக்கு வெளியே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா, எந்தப் பக்கம் எந்த ஏரி என்று கேட்டார். இடது கைப்பக்கம் மிச்சிகன் ஏரி, வலது கைப்பக்கம் ஹியூரான், நடுவில் இந்த நீரிணை, வடகிழக்கே கொஞ்ச தூரத்தில் சூப்பீரியர் ஏரியின் தண்ணீர் ஆறாக வந்து விழுகிறது என்று சொன்னேன். "முச்சந்தியில கடை போட்டிருக்கான்" என்றார். அன்று முழுக்க நாங்கள் பார்த்த விஷயம் அந்த ஒரு வரிதான். கோட்டை என்று பெயர், பட்டாளம் இருந்தது, பீரங்கி இருந்தது, எல்லாம் உண்மை. ஆனால் வேலி போட்டதன் காரணம் உள்ளே இருந்த சரக்கு. மூன்று ஏரிகளின் கரையிலிருந்தும் தோல் வந்து சேருகிற இடம், மான்ட்ரியலிலிருந்து துணியும் பாத்திரமும் துப்பாக்கியும் வந்து இறங்குகிற இடம். தோல் மண்டி, அவ்வளவுதான். சிப்பாய் வைத்த தோல் மண்டி.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயேசு சபைப் பாதிரியார் ஜாக் மார்க்கெத் 1671இல் நீரிணையின் வடகரையில் செயின்ட் இக்னஸ் என்ற இடத்தில் ஞான மடம் போட்டார். பாதிரியார் பின்னால் வியாபாரி, வியாபாரி பின்னால் சிப்பாய். 1690களில் அங்கே தளபதியாக இருந்தவர் காடிலாக். அந்தச் சமயத்தில் பிரான்சுக்குப் போன பீவர் தோல் விற்காமல் கிடங்கில் குவிந்து கிடந்தது. விலை சரிந்தது. பதினான்காம் லூயி 1696இல் மேற்குப் பக்கத்து நிலையங்களை மூடச் சொல்லி, வியாபார உரிமச் சீட்டையும் நிறுத்தினார். காடிலாக் 1701இல் தெற்கே போய் டெட்ராய்ட்டைத் தொடங்கினார் (நான் குடியிருக்கும் ஊரே இப்படி இந்த மண்டியிலிருந்து பிரிந்து போன கிளைதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது). உரிமம் இல்லாமல் காட்டுக்குள் புகுந்து வியாபாரம் செய்தவர்களை மன்னரால் தடுக்க முடியவில்லை, அப்படியே விட்டால் தோலெல்லாம் ஆங்கிலேயர் பக்கம் போய்விடும் என்ற பயமும் இருந்தது. சுமார் 1715இல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்தார்கள். இந்தத் தடவை தென்கரையில், இப்போது நாம் டிக்கெட் வாங்கி நுழைகிற அதே மணலில்.

ஒன்று தெரிந்துகொண்டு போங்கள். உள்ளே இப்போது காட்டுவது 1770களின் ஊரை, அதாவது பிரெஞ்சுக் கொடி இறங்கிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து. சிவப்புச் சட்டை போட்ட ஆங்கிலச் சிப்பாய்கள் நடமாடுகிறார்கள், துப்பாக்கி சுட்டுக் காட்டுகிறார்கள், பீரங்கி வெடிக்கிறார்கள். என் பையனுக்கு அதுதான் முக்கிய நிகழ்ச்சி, காதைப் பொத்திக்கொண்டு மூன்று தடவை பார்த்தான். ஆனால் சிவப்புச் சட்டைகளைக் கண்ணிலிருந்து கழித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பதெல்லாம் பிரெஞ்சு. செங்குத்தாக மரத்தை மண்ணில் நட்டுக் கட்டிய சுவர், ஒரே கூரையின் கீழ் வரிசையாக நீளும் வீடுகள், வீட்டுக்குப் பின்னால் கீரைப் பாத்தி, தேவாலயம். அந்தக் காலத்திலும் அப்படித்தான், அதிகாரி ஆங்கிலேயன், ஊர் பேசியது பிரெஞ்சும், பூர்வகுடி மொழிகளான ஒஜிப்வேயும் ஒடாவாவும்.

சரி, மாமா விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வியாபாரி வீட்டில் தோல்கள் தொங்குகின்றன, மேசையிலும் கிடக்கின்றன, தொட்டுப் பார்க்கலாம். மாமா உள்ளே போனதும் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். ஒவ்வொன்றாக எடுத்தார், உள்பக்கம் திருப்பினார், ஓரத்தை மடித்துப் பார்த்தார், முகர்ந்தார். பழைய உடை போட்டு நின்ற ஊழியப் பெண் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவர் இந்தத் தொழிலில் இருந்தவரா?" என்று என்னிடம் கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அதற்கப்புறம் அரை மணி நேரம் நான் மொழிபெயர்ப்பாளர் வேலைதான் பார்த்தேன்.

மாமா பீவர் தோலைக் காட்டிக் கேட்ட முதல் கேள்வி, இதை எங்கே பதனிட்டார்கள் என்பது. (பீவரை நம் பள்ளிப் புத்தகங்களில் நீர்நாய் என்று போட்டுவிடுவார்கள், நீர்நாய் வேறு. இது பல்லால் மரத்தை வெட்டி ஓடையில் அணை கட்டுகிற பெரிய கொறிவிலங்கு, வால் துடுப்பு மாதிரி இருக்கும்.) அந்தப் பெண் சொன்னாள், பதனிடவே இல்லை, ஐரோப்பாவுக்குப் போனதும் மயிரைச் சிரைத்து எடுத்துக்கொள்வார்கள், மிஞ்சிய தோல் பசை காய்ச்சப் போகும் என்று. நான் அதைத் தமிழில் சொன்னதும் மாமா ஒரு நிமிஷம் பேசவில்லை.

"மயிரை வச்சுக்கிட்டுத் தோலைக் கொடுத்துட்டானா?"

முப்பது வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு மயிரை வழித்து எறிகிற தொழிலுக்குக் கணக்கு எழுதியவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! தொழில் தலைகீழாக நிற்கிறது. காரணம் தொப்பி. பீவருக்கு இரண்டு அடுக்கு மயிர். மேலே முரட்டு மயிர், அடியில் பஞ்சு மாதிரி மென்மயிர். அந்த மென்மயிர் ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். ஈரமும் சூடும் கொடுத்து அழுத்தினால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஃபெல்ட் என்ற கெட்டித் துணி ஆகிவிடும். நெய்ய வேண்டாம், தைக்க வேண்டாம். மழையில் நனைந்தாலும் வடிவம் மாறாத தொப்பி. ஐரோப்பாவில் கனவான்கள் தலையெல்லாம் அந்தத் தொப்பி ஏறியது, அங்கிருந்த பீவர் தீர்ந்துபோனது, அதனால் இங்கே வந்தார்கள்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. பீவர் தோலில் இரண்டு ரகம். உலர் பீவர் என்பது உரித்துக் காயவைத்தது, புதுசு. கொழுப்பு பீவர் என்பது பூர்வகுடி மக்கள் மயிர்ப்பக்கம் உள்ளே இருக்கும்படி போர்வையாகத் தைத்து ஒரு வருஷம் இரண்டு வருஷம் உடம்பில் போட்டுக்கொண்டது. வியர்வையும் உடம்பு எண்ணெயும் ஏறி, உரசி உரசி முரட்டு மயிர் தானாகவே உதிர்ந்து, மென்மயிர் மட்டும் பளபளவென்று நிற்கும். இந்தப் பழைய போர்வைக்குத்தான் விலை அதிகம். அதாவது கட்டிக் கழித்ததைக் கொடுத்துப் புதுக் கம்பளி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், வாங்கினவனும் நமக்குத்தான் லாபம் என்று நினைத்திருக்கிறான். பாசிமணியைக் காட்டி அப்பாவி மக்களை ஏமாற்றினார்கள் என்றுதான் நான் இதுவரை படித்திருந்தேன். மாமா ஒரே வார்த்தையில் முடித்தார், "ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போயிருக்கான். அதுதாம்மா வியாபாரம்." பாசிமணி இருந்தது உண்மைதான், ஆனால் வந்து இறங்கிய சரக்கில் பெரும்பங்கு துணி. கம்பளி, சட்டைத் துணி, அப்புறம் பித்தளைக் கொப்பரை, கத்தி, கோடரி, துப்பாக்கி, துப்பாக்கி மருந்து. தரம் சரியில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சாராயமும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது, இங்கிருந்த பாதிரியார்கள் ஆளுநருக்கு எழுதிய கடிதங்களில் பிராந்தியைப் பற்றிய புலம்பல் கொஞ்சநஞ்சமல்ல.

விலைப்பட்டியல் கேட்டார் மாமா. அதற்கும் பதில் இருக்கிறது. 1761இல் இங்கே வந்த அலெக்ஸாண்டர் ஹென்றி என்ற ஆங்கிலேய வியாபாரி எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். 1765இல் அவர் சூப்பீரியர் ஏரிக்குப் போன பருவத்தில் விலை இப்படி: ஒரு துப்பாக்கி 20 பீவர் தோல், முரட்டுக் கம்பளி 10, வெள்ளைக் கம்பளி 8, ஒரு பவுண்டு துப்பாக்கி மருந்து 2, ஒரு கத்தி 1. பணம் என்று எதுவும் கை மாறவில்லை, பீவர் தோல்தான் நாணயம். அந்தப் பயணத்துக்கு அவர் சரக்கு எடுத்தது எப்படித் தெரியுமா? நாலு படகுச் சரக்கு, பன்னிரண்டு மாதக் கடனில், திருப்பித் தர வேண்டியது 10,000 பவுண்டு எடை நல்ல பீவர். மாமா கையை நீட்டி, "அதைத் திரும்பச் சொல்லு" என்றார். திரும்பச் சொன்னேன். அவருக்கு அது சங்கீதம் மாதிரி இருந்தது.

ஏனென்றால் முழு வியாபாரமும் கடன்தான். வேட்டைக்காரனுக்கு இலையுதிர் காலத்தில் துப்பாக்கி மருந்தும் துணியும் முன்பணமாகக் கொடுப்பார்கள், அவன் குளிர்காலம் முழுக்க வேட்டையாடி வசந்தத்தில் தோலாகக் கட்டுவான். அவனுக்குக் கொடுத்த வியாபாரிக்கு மான்ட்ரியல் வியாபாரி கடன் கொடுத்திருப்பார், அவருக்குக் கடலுக்கு அப்பால் இருக்கும் கம்பெனி கொடுத்திருக்கும். ஐரோப்பாவில் துணி வாங்கின நாளிலிருந்து தோல் விற்றுக் காசு பார்க்கிற நாள்வரை இரண்டு மூன்று வருஷம் ஆகும். நடுவில் ஒரு படகு கவிழ்ந்தாலோ ஒரு சண்டை வந்தாலோ நாலு பேர் திவால். பெரியமேட்டில் சங்கிலி இதைவிடச் சின்னது, ஆனால் இதே சங்கிலிதான் என்றார் மாமா.

இங்கே ஒரு விஷயத்தை நான் சேர்த்துச் சொல்ல வேண்டும், பலகையில் இதைப் போட்டிருந்ததாக எனக்கு நினைவில்லை, ஆனால் தமிழர்கள் இதைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது. 1720கள் தொடங்கிப் பிரெஞ்சு ஆட்சி முடிகிறவரை கனடாவிலிருந்து பீவர் தோலை ஏற்றுமதி செய்கிற ஏகபோக உரிமை யாரிடம் இருந்தது என்றால், பிரெஞ்சு இந்தியக் கம்பெனியிடம். ஆமாம், பாண்டிச்சேரியை ஆண்ட அதே கம்பெனி. துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை பாண்டிச்சேரியில் துணி வியாபாரிகளிடம் பேரம் பேசி நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், அதே கம்பெனியின் பேரேட்டில் இந்த மணலிலிருந்து போன பீவரும் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. 1761 ஜனவரியில் பிள்ளை இறந்தார், அதே மாதம் பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதே வருஷம் செப்டம்பரில் ஆங்கிலச் சிப்பாய்கள் மிஷிலிமாக்கினாவுக்குள் நுழைந்தார்கள். எல்லாம் ஒரே போர், இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய ஏழாண்டுப் போர். 1763 பாரிஸ் உடன்படிக்கையில் பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தது, கனடா போனது போனதுதான். இதை மாமாவிடம் சொன்னபோது அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை, "ஹெட் ஆபீஸ் ஒண்ணுதானே" என்றார்.

படகைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் விட முடியாது. மான்ட்ரியலுக்கு அருகே லஷீனில் பனி உருகினதும் புறப்படும் பெரிய படகு, பூர்ச்ச மரப் பட்டையில் செய்தது, வேரால் தைத்து மரப்பிசினால் அடைத்தது, சுமார் 11 மீட்டர் நீளம், பத்துப் பேர் துடுப்புப் போடுவார்கள், மூன்று டன் சரக்கு ஏறும். ஒட்டாவா ஆறு, நிப்பிசிங் ஏரி, பிரெஞ்சு ஆறு, ஹியூரான் ஏரி என்று ஒன்றரை மாதம். அருவியும் பாறையும் வருகிற இடத்தில் எல்லாவற்றையும் இறக்கித் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு மூட்டை 90 பவுண்டு, அதாவது நாற்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேல், ஒரு ஆள் நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் இரண்டு மூட்டை. சாப்பாடு என்னவென்றால் வேகவைத்த சோளமும் கொழுப்பும். அந்தச் சோளமும் பெரும்பாலும் ஒடாவா பெண்கள் விளைவித்தது, அது இல்லாவிட்டால் இந்த மண்டி ஒரு வருஷம் ஓடியிருக்காது. தூரத்தை இவர்கள் அளந்தது பைப்பில். புகைக்க எத்தனை தடவை நிறுத்தினோம் என்பதுதான் கணக்கு. வெற்றிலை போடுகிற நேரம், கூப்பிடு தூரம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்த மாதிரி. அங்கே ஒரு மூட்டை கிடந்தால் தூக்கிப் பாருங்கள். என் வீட்டுக்காரர் ஜிம்முக்குப் போகிறவர், தூக்கினார், பத்தடி நடந்தார், இறக்கினார், அதைப் பற்றி வீடு வரும்வரை பேசவே இல்லை.

1763 ஜூன் 2இல் நடந்ததை ஊழியர்கள் விலாவாரியாகச் சொல்கிறார்கள், நின்று கேளுங்கள். பின்னணி இதுதான். பிரெஞ்சுக்காரர்கள் வருஷா வருஷம் பூர்வகுடித் தலைவர்களுக்குப் பரிசு கொடுத்து உறவு வைத்திருந்தார்கள். நிலம் அவர்களுடையது, நாம் விருந்தாளி என்பதற்கு அடையாளம் அது. ஆங்கிலத் தளபதி ஆம்ஹெர்ஸ்ட்டுக்கு அது வீண் செலவாகத் தெரிந்தது, குறைத்தார், துப்பாக்கி மருந்து விற்பதையும் இறுக்கினார். 1761இலேயே ஒஜிப்வே தலைவர் மினவவானா, நீங்கள் பிரெஞ்சுக்காரரை ஜெயித்திருக்கலாம், எங்களை ஜெயிக்கவில்லை என்று ஹென்றியிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். ஆங்கிலேயர் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. மன்னர் பிறந்தநாள் சமயம், வாசலுக்கு வெளியே ஒஜிப்வேக்களும் சாக் குழுவினரும் பக்காட்டிவே என்ற பந்து விளையாட்டு ஆடினார்கள், இன்றைய லக்ராஸின் மூதாதை. தளபதி எதரிங்டன் வெளியே நின்று ஒஜிப்வே பக்கம் பந்தயம் கட்டி வேடிக்கை பார்த்தார். முன்கூட்டியே எச்சரித்தவர்களை அவர் மதிக்கவில்லை. பந்து வேலிக்குள் போய் விழுந்தது, ஆட்டக்காரர்கள் அதன் பின்னால் ஓடினார்கள், ஓரமாக நின்ற பெண்கள் போர்வைக்குள் வைத்திருந்த ஆயுதங்களை எடுத்துக் கொடுத்தார்கள். சில நிமிஷங்களில் கோட்டை கைமாறியது. சுமார் 35 சிப்பாய்களில் பாதிப் பேர் செத்தார்கள். பிரெஞ்சுக் குடும்பங்களை யாரும் தொடவில்லை.

ஹென்றி அப்போது வீட்டுக்குள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்து வீடு சார்ல் லாங்லாத் உடையது, தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் ஒடாவா, பிறந்ததே இந்த ஊரில். வேலி தாண்டி ஓடி, ஒளிய இடம் கேட்டால் அவர் தோளைக் குலுக்கிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். அந்த வீட்டில் இருந்த ஒரு அடிமைப் பெண்தான் கையைக் காட்டிக் கூப்பிட்டுப் பரண்மேல் ஏற்றிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். சர்க்கரை காய்ச்சுகிற பட்டைத் தொட்டிகளுக்கு அடியில் ஹென்றி படுத்துக் கிடந்தார். அப்போதைக்குத் தப்பினார், பிறகு பிடிபட்டார், அவரைத் தம்பியாக ஏற்றிருந்த வவாதம் என்ற ஒஜிப்வே வந்து பரிசுப் பொருள் கொடுத்து மீட்டார். அந்தப் பெண்ணை எல்லோரும் பானி என்கிறார்கள், மேற்கிலிருந்து பிடித்து வந்த அடிமைகளுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் பொதுவாக வைத்த பெயர் அது. அவளுடைய சொந்தப் பெயர் எங்கேயும் இல்லை. ஊரில் எத்தனை மூட்டை, எத்தனை பவுண்டு என்று கணக்கு வைத்தவர்கள் அதைக் கணக்கில் எழுதவில்லை. மாமாவுக்கு அந்த இடத்தில் முகம் மாறியது.

அகழ்வாராய்ச்சியைத் தவற விடாதீர்கள். 1959 முதல் வருஷா வருஷம் கோடையில் தோண்டுகிறார்கள், வட அமெரிக்காவில் இவ்வளவு நீண்டகாலம் விடாமல் நடப்பது அபூர்வம். நீங்கள் ஓரத்தில் நின்று கேள்வி கேட்கலாம், வேலையை நிறுத்திப் பதில் சொல்கிறார்கள். இதுவரை கிடைத்தவை பத்து லட்சத்துக்கும் மேல். மீன் முள், பாசிமணி, துப்பாக்கிக் கல், பாதிரியார்கள் கொடுத்த பித்தளை மோதிரம், துணி மூட்டையில் அடித்த ஈய முத்திரை. நிலத்துக்குக் கீழே ஒரு காட்சிக்கூடமும் இருக்கிறது, வெளியே காற்று தாங்கவில்லையென்றால் அங்கே போய்விடலாம். ஈய முத்திரையைப் பார்த்ததும் மாமா, "சீல் உடைச்சாத்தான் சரக்கு இறங்கினதா அர்த்தம்" என்றார். இவ்வளவும் மணலில் பத்திரமாக இருந்ததற்குக் காரணம் ஆங்கிலேயத் தளபதி பாட்ரிக் சின்க்ளேர். அமெரிக்கப் புரட்சிப் படை வந்துவிடும் என்ற பயத்தில் 1779 முதல் 1781 வரை ஊரையே தீவின் சுண்ணாம்புப் பாறைக்கு மாற்றினார். தேவாலயத்தைப் பிரித்து உறைந்த ஏரியின் மேல் இழுத்துக்கொண்டு போனார்கள். மிச்சத்தைக் கொளுத்தினார்கள், மணல் மூடியது, யாரும் மேலே வேறு ஊர் கட்டவில்லை. இப்போது நிற்கிற வீடுகள் எல்லாம் தோண்டிக் கண்டுபிடித்த அடித்தளத்தின் மேலேயே திரும்பக் கட்டியவை.

போகிறவர்களுக்கு: மே தொடக்கத்திலிருந்து அக்டோபர் தொடக்கம் வரைதான் திறந்திருக்கும். தீவில் இருக்கும் மாக்கினா கோட்டை வேறு, இது வேறு, இரண்டுக்கும் சேர்த்து டிக்கெட் கிடைக்கும். ஜூலையில்கூடக் காற்று குளிரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் போங்கள். நாங்கள் முதல் நாள் மூன்று மணிக்குப் போய் அரைகுறையாகப் பார்த்து, மறுநாள் காலையில் திரும்பப் போனோம், தப்பு எங்களுடையது. ஊருக்குள் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாமாவுக்கு மாட்டிறைச்சி இல்லாமல் ஏதாவது கேட்டதற்கு உருளைக்கிழங்கு வறுவலை மட்டும் ஒரு பெரிய தட்டில் வைத்தார்கள், கடையின் பெயர் வேண்டாம். ஃபட்ஜ் என்ற இனிப்பு விற்கிற கடைகள் மட்டும் தெருவுக்குப் பத்து, அது எல்லோருக்கும் ஆகும்.

விடுதிக்குத் திரும்பியதும் மாமா சென்னைக்கு போன் போட்டார். மண்டியில் கூட வேலை பார்த்த நண்பருக்கு அப்போது விடியற்காலை. இங்கே ஒரு மண்டி பார்த்தேன், மயிரை வைத்துக்கொண்டு தோலைப் பசை காய்ச்சப் போட்டிருக்கிறான், 10,000 பவுண்டு சரக்கு பன்னிரண்டு மாதக் கடன், 1763இல் அடிதடியாகிக் கடை மூடிவிட்டது, அடுத்த வருஷம்தான் பட்டாளம் திரும்பி வந்து திறந்தது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஸ்பீக்கரில் அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கும் கேட்டது.

"எல்லாம் சரி. பாக்கி வசூல் ஆச்சா?"